சார்பெழுத்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தை மாதத்தில் அவளுக்குத் திருமணமாயிற்று. மாப்பிள்ளை அமெரிக்காவில் கணினித் துறையில் இருக்கிறார். அவரோடு போய்ச் சேர்வதற்கான தாள்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறாள். கையில் ஒரு துணிப்பை. பை நிறைய நகல்கள்.

"சிங்கப்பூர்ல இருந்தப்ப அம்மாவுக்கு வேண்டிய பேப்பரெல்லாம் அங்கிருந்துட்டே நீங்க முடிச்சீங்கன்னு சொன்னாங்க சார். எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்றார் தந்தை.

என் தலை தானாகவே அசைந்தது. ஆசிரியர் அறையில் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த வாக்கியம்தான் அது. 'அவளுடைய குடிநுழைவு வேலைகளை எல்லாம் அங்கிருந்தபடியே நான் முடித்தேன்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் இலக்கணப்படி முறையாக அமைந்த வாக்கியம். எழுவாய் மட்டும் தவறு. அந்தத் தவறு எனக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான் சிங்கப்பூர் சென்றேன். முதுகலைத் தமிழ் படித்துவிட்டுத் தனியார் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்திருக்கும் நாட்டில் தமிழ் கற்பிக்க ஒரு வாய்ப்பு வந்தபோது, மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. மனைவி கிணத்துக்கடவில் இருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தனியார் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியை. என் தந்தைக்கு அப்போதே நெஞ்சில் சளியும் மூச்சிரைப்பும் இருந்தன. அவரையும் அம்மாவையும் அவளிடம் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் நான் கற்றுக்கொண்ட முதல் புதுச்சொல் 'குடிநுழைவு'. நம் ஊரில் 'குடியேற்றம்' என்று எழுதுவதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் அப்படி வழங்குகிறார்கள். அழகான சொல். குடி என்றால் வீடு, குடும்பம், மக்கள் எல்லாமே. ஆனால் நுழைய வேண்டியவர் மனைவியாக இருந்தால், அவர் மனைவிதான் என்பதை முதலில் நிறுவ வேண்டும். வேலை அனுமதி பெற்ற ஒருவர் தன் மனைவியைச் 'சார்ந்தோர்' என்ற வகையில் அழைத்துக்கொள்ளலாம். டிபெண்டென்ட் பாஸ் என்பார்கள். வேலை தருபவர் வழியாக மனிதவள அமைச்சுக்கு விண்ணப்பம் போக வேண்டும். அதனுடன் கடவுச்சீட்டின் நகலும் திருமணச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

எங்களிடம் திருமணச் சான்றிதழ் இல்லை.

*

எங்கள் திருமணம் 2007இல் கிணத்துக்கடவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொங்கு வேளாளர் முறைப்படி அருமைக்காரர் நடத்திவைத்தார். இந்த முறையை அறியாத வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்துச் சீர்களைச் செய்துவைக்கும் உரிமை, அதற்கென உரிய சடங்கால் தகுதி பெற்ற இல்லறத்தாருக்கு உண்டு. அவர்களே அருமைக்காரரும் அருமைக்காரியும். தாலி ஏறிய பின் மங்கல வாழ்த்து பாடப்படும். அதைப் பாடுபவர் ஊர் நாவிதர். அவருக்குக் கொங்குநாட்டில் வழங்கும் பெயர் 'குடிமகன்'. கம்பர் இயற்றியதாக எங்கள் மரபு சொல்லும் அந்த வாழ்த்தில், பெண் பார்த்தது முதல் பந்தலிட்டது, உறவினர் வந்தது, இணைச்சீர் நடந்தது, கை கோத்தது வரை திருமணத்தின் ஒவ்வொரு கட்டமும் வரிசையாக வந்துவிடும். பாடல் முடியும்போது சபை அத்தனையும் சாட்சியாகிவிடும். எழுத்துப் பரவலாகாத ஒரு சமூகம் தன் திருமணங்களைப் பதிவு செய்துகொண்ட முறை அது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

சட்டமும் அதை மறுக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், மணமக்களில் எவரேனும் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளோடு நடந்த திருமணத்தை ஏற்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா ஆட்சியில் 1967இல் தமிழ்நாடு தனியாகவே ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பதிவு செய்யாததால் மட்டும் ஒரு திருமணம் செல்லாமல் போய்விடாது என்றும் அந்த மத்தியச் சட்டமே சொல்கிறது. பின்னர், 2006 பிப்ரவரியில், திருமணப் பதிவைக் கட்டாயமாக்கும்படி உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தமிழ்நாட்டின் கட்டாயப் பதிவுச் சட்டம் 2009இல் வந்தது. எங்கள் திருமணம் அதற்கு முந்தியது. ஆகவே நாங்கள் குற்றமேதும் செய்யவில்லை. ஆனாலும் எங்களிடம் தாள் இல்லை. குடிமகன் பாடிய பாட்டு கிணத்துக்கடவுக்குப் போதும். கடல் கடந்த ஓர் அலுவலகத்துக்கு அது கேட்காது.

இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யக் கணவன் மனைவி இருவரும் நேரில் வந்தாக வேண்டும் என்றார்கள். 2011 பொங்கலை ஒட்டி நான்கு நாள் விடுப்பில் வந்தேன். அந்த நான்கு நாளில் ஒரு முற்பகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கழிந்தது. திருமண அழைப்பிதழ், மண்டப ரசீது, மாலையும் கழுத்துமாக நிற்கும் புகைப்படம், வயதுச் சான்று, அடையாளச் சான்று. சாட்சிகளில் ஒருவராக எங்களுக்குத் திருமணம் செய்துவைத்த அருமைக்காரரே வந்திருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். வெள்ளை வேட்டியும் துண்டுமாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஏனுங் மாப்ள, நாஞ் செஞ்சு வெச்ச கல்யாணத்துல என்னுங் கொறை?" என்று மெல்லக் கேட்டார். குறை ஒன்றும் இல்லை, வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்றேன். "கேட்டாக் குடுத்துற வேண்டீதுதான்" என்று சொல்லிவிட்டு, நடுங்கும் விரல்களால் தமிழில் தன் பெயரை எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அங்கிருந்த எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

எழுத்தர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேன். இருவரும் கையெழுத்திட்டோம். எனக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது.

*

என் மனைவியின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. தமிழாசிரியனுக்கு அது பெருமை. விண்ணப்பம் நிரப்புபவனுக்கு அது வினை. அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றில் அந்த எழுத்து ஆங்கில 'எல்' ஆகியிருந்தது. பட்டச் சான்றில் 'இசட்'. வாக்காளர் அட்டையில் 'இசட்-எச்'. பத்தாம் வகுப்புச் சான்றைப் பார்த்து எழுதிய கடவுச்சீட்டில் மறுபடி 'எல்'. ஒரே பெண் ஆங்கிலத்தில் மூன்று பெண்களாக உலவிக்கொண்டிருந்தாள்.

நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு விண்ணப்பம் போனது. திருமணச் சான்றில் 'இசட்-எச்', கடவுச்சீட்டில் 'எல்'. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. கேட்டவர்கள் பக்கம் தவறில்லை. யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

அன்றிரவு தேக்காவில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன். அவள் எடுத்ததும் நான் சொன்ன சொற்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. "சொந்தப் பேரைக்கூட ஒழுங்கா எழுதிக்குடுக்கத் தெரியாதா? நீயெல்லாம் டீச்சரா?" மறுமுனையில் அப்பா இருமுவது கேட்டது. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரீங்க. என்ன வேணும்னு சொல்லுங்க. நாளைக்குப் போய்ப் பாக்கறன்" என்றாள்.

என்ன வேண்டும் என்று நான் சொன்னேன். அதுதான் நான் செய்த வேலை. நோட்டரி முன் உறுதிமொழி ஆவணம். பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக ஏறி, இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்ற சான்று. கிணத்துக்கடவு அன்று பொள்ளாச்சி வட்டத்தில் இருந்தது. போத்தனூர்–பொள்ளாச்சி ரயில் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடியிருந்த காலம் அது. மீண்டும் ரயில் ஓடியது 2017இல்தான். ஆக எல்லாவற்றுக்கும் பேருந்துதான். நான் சிங்கப்பூரில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து 'இன்று என்ன ஆயிற்று' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பங்குனி வெயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். தாள்கள் மின்னஞ்சலில் வர வர, நான் அவற்றுக்கு எண்ணிட்டு அடுக்கினேன். அப்படி அடுக்கியதால், அவற்றை உண்டாக்கியதும் நானே என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ ஊறிவிட்டது.

ஜூன் மாதம் அனுமதி வந்தது. ஆடி பிறப்பதற்கு முன்பே அவள் வந்து சேர்ந்தாள்.

*

அவளுடைய அட்டையில் பெயருக்கு மேலே டிபெண்டென்ட் என்று அச்சாகியிருந்தது. அதை வாங்கிய அன்று பேருந்தில் வரும்போது, "அப்படின்னா என்னங்க தமிழ்ல?" என்று தெரிந்தும் தெரியாததுபோல் கேட்டாள். சார்ந்திருப்பவர் என்றேன். பத்தொன்பது வயதிலிருந்து டியூஷன் எடுத்துத் தன் கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டியவள் அவள். எங்கள் வீட்டில் என் தொகுப்பூதியம் வராத மாதங்களில் அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில்.

ஆறுதலுக்காக நான் இலக்கணம் சொன்னேன். தமிழில் முதலெழுத்து, சார்பெழுத்து என்று இரண்டு உண்டு. முதலெழுத்து முப்பது. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்று என்கிறது. நன்னூல் பத்து வகை என்கிறது. நன்னூல் கணக்கில் உயிர்மெய் இருநூற்றுப் பதினாறும் சார்பெழுத்துதான். அவை இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? ஆகவே சார்பு என்றால் தாழ்வு என்று பொருளில்லை.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எழுத்துக்குச் சம்பளம் வேண்டீதில்லீங்க. எனக்கு வேணுமே."

அந்த நாளில் அவ்வகை அட்டை வைத்திருப்பவர்கள், வேலை தர முன்வரும் நிறுவனம் இசைவுக் கடிதம் பெற்றால் வேலை செய்யலாம். அவளுக்கு அப்படி எதுவும் அமையவில்லை. அடுக்குமாடியின் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். 2021 மே மாதத்திலிருந்து அந்த இசைவுக் கடித முறையும் பெரும்பாலோருக்கு நின்றுபோய், தனியாக வேலை அனுமதி பெறவேண்டும் என்றாகிவிட்டது. என் மாணவி போகவிருக்கும் அமெரிக்காவிலும் கதை இதுவே. எச்-1பி வைத்திருப்பவரின் துணைவருக்கு எச்-4. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, கணவனோ மனைவியோ நிரந்தரக் குடியுரிமைக்கான வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய பிறகு, வேலை செய்யும் உரிமை கிடைத்ததே 2015இல்தான். முதுகலையும் பொறியியலும் படித்த எத்தனை பெண்கள் அந்த அட்டையோடு வீட்டில் இருந்தார்கள் என்பது நம் ஒவ்வொருவரின் உறவு வட்டத்திலும் தெரியும்.

சிங்கப்பூரில் எனக்குக் கிடைத்த இன்னொரு பேறு விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகம். அங்கேதான் காந்தியின் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றை முழுமையாகப் படித்தேன். தில்லையாடி வள்ளியம்மையைப் பாடப்புத்தகம் வழியாக அறிந்தவன்தான் நான். மூன்று பவுண்டு வரிக்கு எதிராகச் சிறை சென்றவர் என்றே வகுப்பிலும் சொல்லிவந்தேன். அந்தப் போராட்டத்தின் இன்னொரு காரணத்தை நான் கவனித்ததே இல்லை. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹசன் ஈசாப் என்பவர் இந்தியாவிலிருந்து அழைத்து வந்த மனைவி பாய் மரியம் கரையிறங்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட வழக்கு அது. பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணத்தைக் கொண்டு ஒருத்தியை மனைவி என்று குடியேற்றச் சட்டம் ஏற்காது என்பது தீர்ப்பின் சாரம். அந்த நாட்டில் வாழ்ந்த இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோரின் மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள்.

அதன் பிறகுதான் பெண்கள் நேரடியாகப் போராட்டத்துக்குள் வந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட குழுவில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். நியூகாசில் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். 1913 அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. அவர்களுக்குக் கடுங்காவலுடன் மூன்று மாதச் சிறை. தொடர்ந்து சிறை சென்றவர்களுள் ஒருத்தி, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பதினாறு வயது வள்ளியம்மை. காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை நீக்கியது. ஒருதார மணமாக இருக்கும் இந்தியத் திருமணங்களையும் ஏற்றது.

என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சுங்களா?" இல்லை என்றேன். யாருடைய திருமணத்துக்காகவோ, தனக்கு நடவாமலே போன ஒன்றுக்காக அவள் சிறை சென்றாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2013இல் அப்பாவுக்கு உடல்நிலை மோசமானதால் இருவரும் ஊர் திரும்பினோம். அடுத்த ஆண்டு அவர் காலமானார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் விட்டுச் சென்ற இடத்தில் வேறொருவர் வந்திருந்தார்; பதினோராண்டுப் பணிமூப்பை இழந்து இன்னொரு பள்ளியில் புதியவளாகச் சேர்ந்தாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாணவியின் தந்தைக்கு நான் விளக்கத் தொடங்கினேன். திருமணச் சான்று, கடவுச்சீட்டு என்று பட்டியலைத்தான் சொல்ல முடிந்தது. "பேர் மாத்தி இருந்தா எந்த ஆபீசுக்கு மொதல்ல போகணுங்க? நோட்டரி கையெழுத்து மட்டும் போதுங்களா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அப்போது அவள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் கோப்பு. அதிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எதற்குப் பின் எது, எங்கே என்ன கேட்பார்கள், எதற்கு அசல் வேண்டும், எதற்கு நகல் போதும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒன்றையும் மறக்கவில்லை.

கோப்பின் அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை. எடுத்துப் புரட்டினேன். கணக்கு ஆசிரியையின் கையெழுத்து. கோடு போட்ட கட்டங்கள். தேதி, போன இடம், பஸ் செலவு, நகல் செலவு, சம்பளப் பிடித்தம். இருபத்து மூன்று பயணங்கள். சம்பளம் பிடித்த நாட்கள் ஒன்பது. இரண்டு இடங்களில் 'மாமாவுக்கு மூச்சு வாங்கியது, பாதியில் திரும்பினேன்' என்று இருந்தது. முதல் பக்கத்தில், நாங்கள் பதிவுக்குப் போன நாளின் தேதியிட்டு, இப்படி எழுதியிருந்தாள்: 'பெயர்: பாஸ்போர்ட்டில் எல் என்று சொன்னேன். ஆபீசிலும் பின்னால் சிரமம் வரும் என்றார்கள். அவர் இசட்-எச் என்றே எழுதச் சொன்னார்.'

எல்லாம் நினைவுக்கு வந்தது. எழுத்தர் கேட்டதும், இவள் என் முழங்கையைத் தொட்டு மெல்லச் சொன்னதும். வாக்காளர் அட்டையை நீட்டி, "ழகரத்துக்கு எல் போடுவது பிழை. தமிழாசிரியன் மனைவி பெயரில் அந்தப் பிழை இருக்க வேண்டாம்" என்று அங்கிருந்தவர்கள் முன் நான் பேசியதும். அதைப் பேசிவிட்டு மறந்தேன். மறந்ததோடு நில்லாமல், தவறு அவளுடையது என்று வேறு பதினான்கு ஆண்டுகள் நினைத்திருந்தேன். தொலைபேசியில் நான் கத்திய அன்று, 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வரி அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டில் எழுதி வைத்தாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன், விருந்தினர் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து.

"அட்டையில நிமிஷம் ஓடிட்டிருந்துச்சுங்க. சண்டை போட்டா மாமா இருமறதக்கூட உங்ககிட்டச் சொல்ல முடியாமப் போயிருக்கும்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "கண்ணு, எல்லாத்துலயும் ரெண்டு நகல் எடுத்துக்க. ஒண்ணு அவருக்கு அனுப்பு. இன்னொண்ணும் அசலும் உன் பையில, உன் கையிலயே இருக்கட்டும். படிவத்தை அவரு நெரப்புனாலும் நீயொருக்காப் படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போடாத. அப்பறம், என்னைக்கு எங்க போனேன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்க."

அந்தப் பெண் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். இவள் எழுந்து போய், எழுதாத நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே தந்தை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சுங்க சார்."

"அம்மாகிட்டச் சொல்லுங்க. எல்லாம் செஞ்சது அவங்கதான்" என்றேன். இந்த வாக்கியத்தில் எழுவாய் சரியாக இருந்தது.